கணக்கை ஒப்படைத்தல்: கொழும்பு நிறுவனங்களில் தலைவர்கள் உருவாகும் விதம்

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த ஓராண்டில் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு நாட்டைவிட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். படிக்கவென்று போனவர்களும் நிரந்தர வதிவிடம் பெற்றுப் போனவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கொழும்பில் வங்கி, காப்புறுதி, கணக்காய்வு, மென்பொருள், கட்டட நிர்மாணம் என எந்தத் துறையில் இருப்பவரைக் கேட்டாலும் தம் அலுவலகத்தில் அப்போது காலியான கதிரைகளைப் பற்றிச் சொல்வார். போனவர்களில் பலர் முப்பதுகளில் இருந்தவர்கள். இன்னும் ஐந்தாறு வருடங்களில் பிரிவுத் தலைவராகவோ பொது முகாமையாளராகவோ வந்திருக்க வேண்டியவர்கள்.

அந்த இடங்களுக்கு ஆள் இல்லை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆட்கள் போனதுதான் காரணம் என்று சொல்வது எளிது. ஒருவர் எழுந்து போனதும் ஒரு பிரிவே தடுமாறுகிறதென்றால், அவருக்குக் கீழே இருந்தவருக்கு அதுவரை எந்தப் பொறுப்பும் கொடுக்கப்படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பற்றாக்குறை முன்பே இருந்தது. 2022 அதை வெளியே கொண்டுவந்தது.

இதற்கு மருந்தாகத் தலைமைத்துவச் செயலமர்வுகளும் வார இறுதிக் கற்கைநெறிகளும் நகரமெங்கும் நடக்கின்றன. விடுதி மண்டபத்தில் இரண்டு நாள், ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம். அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொழும்பின் நூற்றைம்பது வருட நிறுவன வரலாற்றைப் பார்த்தால், நல்ல தலைவர்கள் வந்த இடங்களிலெல்லாம் மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. இளம் வயதிலேயே ஒருவரிடம் ஒரு கணக்கு, அதாவது அவரே பதில் சொல்ல வேண்டிய ஒரு பொறுப்பு, ஒப்படைக்கப்பட்டது. அவர் தவறினால் திருத்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். மேலே இருந்தவர் நேரத்துக்கு இடம் விட்டார். செயலமர்வு இவற்றுக்குப் பிறகு வருவது.

கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், புறக்கோட்டையை ஒட்டிக் கிடக்கும் செட்டியார் தெரு இன்று நகைக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது கடன் கொடுக்கும் தெருவாக இருந்தது. ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் வியாபாரிகளையும் சிறு தோட்டக்காரரையும் நேரே நம்பவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அந்த வங்கிகளிடம் கடன் வாங்கி, தம் பொறுப்பில் அவர்களுக்குக் கொடுத்தார்கள். கிட்டங்கி எனப்பட்ட ஒரே கட்டடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு மேசை, பேரேடுகள். முதலாளி கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில். இங்கே நிறுவனத்தை நடத்தியவர் அவருடைய முகவரான மேலாள்.

அந்த மேலாள் எப்படி மேலாள் ஆனார் என்பதுதான் நமக்கு வேண்டியது. பெட்டியடிப் பையனாகச் சின்ன வயதில் வருவார். கூட்டிப் பெருக்குவது, கடிதம் கொண்டுபோவது, வசூலுக்குப் போகிறவரோடு கூடப் போவது, பேரேடு எழுதப் பழகுவது. தேறியபின் அடுத்தாள். அதன்பின் மேலாள். ஒரு தவணை பொதுவாக மூன்று ஆண்டு. அதற்கே ‘கணக்கு’ என்று பெயர். அந்த மூன்று ஆண்டில் யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, எந்த ஈட்டை ஏற்பது என்பதெல்லாம் அவருடைய தீர்மானம். ஊருக்குக் கடிதம் போய் வரும் வரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். தவணை முடிந்ததும் ஐந்தொகை போட்டு ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. அடுத்த முறை அவருக்கு எந்த ஊர், எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். வசதியான வீட்டுப் பிள்ளைகளைக்கூடத் தம் கடையில் வைத்துக்கொள்ளாமல் வேறொருவர் கடையில் பழக விட்ட வழக்கம் இருந்தது. சொந்தக் கடையில் முதலாளி மகனைத் திருத்த யாருக்கும் வாய் வராது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் ஏற்பாட்டைத்தான். எவ்வளவு கெட்டிக்காரரானாலும் ஒரு தவணையில் எழுந்து இன்னொருவருக்கு இடம் விட்டாக வேண்டும். அதனால் நிறுவனம் ஒரே ஆளின் ஞாபகத்திலும் ஒரே ஆளின் அறிமுகங்களிலும் தங்கி நிற்கவில்லை. எல்லாம் ஏட்டில் இருந்தது, அடுத்தவர் அதை எடுத்து நடத்தக்கூடியவராக இருந்தார்.

குறைகளும் பெரியவை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்ணுக்கு இடமில்லை, பிற சமூகத்தவருக்கும் இடமில்லை. இன்னொரு குறை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. கிட்டங்கியில் இருந்த அத்தனை பேரும் ஒரே விதமாகப் பழகியவர்கள், ஒரே கண்ணால் பார்த்தவர்கள். 1925 இல் சில நிறுவனங்கள் முறிந்து, வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுப்பதைச் சுருக்கியபோது, பழைய வழியைத் தவிர வேறு வழியை யோசித்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை. வினைத்திறன் மிக்க தலைவர்களை அம்முறை தலைமுறை தலைமுறையாகத் தந்தது. புதுவழி காண்பவர்களைத் தரவில்லை. இந்த இரண்டும் ஒரே பயிற்சியில் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் செட்டியார் தெருவின் கதையைப் படிக்க வேண்டும்.

அந்த முறிவின் பின்விளைவாக 1934 இல் பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. உள்ளூரவர் ஒருவர் வங்கியொன்றை நடத்த முடியுமா என்று ஐயுற்ற காலம் அது. 1950களில் சி. லோகநாதன் அவ்வங்கியின் முதலாவது இலங்கைப் பொது முகாமையாளரானபோது அந்தக் கேள்வி முடிவுக்கு வந்தது. 1950 இல் தொடங்கிய மத்திய வங்கி இன்னொரு வழியை எடுத்தது. இளம் அலுவலர்களைத் தெரிந்தெடுத்து, சம்பளத்தோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்புக்கு அனுப்பி, திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்ய உடன்படிக்கை எழுதிக்கொண்டது. அனுப்பியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை, திரும்பியவர்களிலும் சிலர் விலகிப்போனார்கள். இதற்கு இவ்வளவு செலவா என்ற குறை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் 1974 இல் அங்கே சேர்ந்த இந்திரஜித் குமாரசுவாமி 2016 இல் ஆளுநராக வந்தார். 2022 ஏப்ரலில் நாடு கவிழ்ந்துகொண்டிருந்த வாரத்தில், அங்கிருந்து ஓய்வு பெற்றிருந்த நந்தலால் வீரசிங்கவை அழைத்து ஆளுநர் பதவியைக் கொடுக்க முடிந்தது. அந்த வாரத்தில் அழைப்பதற்கு ஒருவர் இருந்தார் என்பதற்குப் பின்னால் பல பத்தாண்டுச் செலவு இருக்கிறது.

கேட்க மறுக்கும் தலைமை வெளியே இன்னொரு தலைமையை உண்டாக்கிவிடும். இதற்கு வெள்ளவத்தையிலேயே சான்று உண்டு. அங்கிருந்த நூற்பு நெசவு ஆலையில் 1933 இல் வேலைநிறுத்தம் நடந்தது. கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக அதுவரை விளங்கியவர் ஏ.ஈ. குணசிங்க. ஆலைத் தொழிலாளரில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். குணசிங்க அந்த வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கவில்லை. இளைஞர் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களில் முன்னின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா, அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இரண்டு ஆண்டு கழித்து லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் முதல் வரிசையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆலைத் தளத்தில் நடப்பதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம் மக்கள் போவார்கள். இன்றைய மனிதவளப் பிரிவுகள் ஊழியர் கருத்துக் கணிப்பு என்று நடத்துவதன் உள்ளடக்கமும் இதுதான்.

தமிழில் தலைவர்களை உருவாக்கிய இடங்கள் என்று தேடினால் பத்திரிகை அலுவலகங்களுக்கு முதலிடம் கொடுப்பேன். 1930 ஆகஸ்ட் 6 ஆம் திகதி பெ.பெரி. சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரி, கொட்டாஞ்சேனைக்கு அயலான கிறான்ட்பாஸ் வீதியில் வளர்ந்தது. ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, உதவி ஆசிரியராகி, இரவுப் பணியில் ஒரு பக்கத்தைத் தனியே அச்சுக்கு அனுப்பப் பழகி, செய்தி ஆசிரியராக உயர்வது அங்கே இருந்த ஏணி. இரவு பன்னிரண்டு மணிக்கு வந்த தந்தியை முதற்பக்கத்தில் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கிற இளைஞர். விடிந்ததும் நாடே அதைப் படிக்கும், ஆசிரியரும் படிப்பார். வீரகேசரியின் ஆசிரியராக இருந்த கே.பி. ஹரன் பின்னர் யாழ்ப்பாணத்தில் ஈழநாடு பத்திரிகையைக் கட்டியெழுப்பினார். ஒரு நிறுவனம் தன்னிடம் பழகியவர்களால் இன்னொரு நிறுவனத்தை உண்டாக்கித் தரும்போது அதன் பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பது தெரியும்.

தினகரனின் கதை வேறு விதம். 1959 இல் க. கைலாசபதிக்கு ஆசிரியர் பொறுப்பைக் கொடுத்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. லேக் ஹவுஸ் போன்ற பெரிய நிறுவனம் ஒரு நாளிதழை அந்த வயதுக்காரரிடம் கொடுத்தது துணிச்சலான காரியம். அவர் அங்கே இருந்தது 1961 வரைதான். அதற்குள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என எல்லாப் பக்கத்து இளம் எழுத்தாளருக்கும் பக்கங்களைத் திறந்துவிட்டார். ஈழத்து இலக்கியத்தின் போக்கையே அந்தக் குறுகிய காலம் திருப்பிவிட்டது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். புத்தாக்கம் வேண்டுமென்று கேட்கும் பணிப்பாளர் சபைகள் இந்த ஒரு நியமனத்தை எண்ணிப் பார்க்கட்டும். அனுபவம் குறைவு என்று கைலாசபதியை இன்னும் பத்து வருடம் உதவி ஆசிரியர் மேசையில் வைத்திருந்தால், அவர் பல்கலைக்கழகத்துக்குப் போயிருப்பார், தினகரன் பழைய தினகரனாகவே இருந்திருக்கும்.

டொமினிக் ஜீவாவின் மல்லிகையையும் இங்கே பேச வேண்டும், மனம் கனத்தாலும். 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின் கொழும்பு 13 இன் ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்து, 400க்கும் மேற்பட்ட இதழ்களாக 2012 வரை வெளிவந்த சஞ்சிகை அது. சிகையலங்கரிப்பு நிலையத்தில் உழைத்த ஒருவர் ஒரு தலைமுறையையே எழுத வைத்தார். ஆனால் அவர் தளர்ந்தபோது மல்லிகையும் நின்றுவிட்டது. அவரிடம் வளர்ந்த எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். இதழை நடத்தப் பழக்கப்பட்டவர் இல்லை. எழுத்தாளரை வளர்ப்பது வேறு, ஆசிரியரை வளர்ப்பது வேறு. தனியொருவரின் தியாகத்தில் நிற்கும் நம் அமைப்புகள் பலவற்றுக்கும் இதே முடிவு காத்திருக்கிறது.

பெரிய கம்பனிகள் பக்கம் திரும்பினால், ஆள் வளர்ப்பதை அவை செலவுக் கணக்காகவே எழுதிச் செய்திருப்பதைக் காணலாம். இந்தியாவில் டாட்டா குழுமம் 1956 இல் தன் நிர்வாகச் சேவையைத் தொடங்கி, பட்டதாரி இளைஞரை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பழக்கியது. ஹிந்துஸ்தான் லீவரில் பிரகாஷ் டாண்டன் 1961 இல் முதலாவது இந்தியத் தலைவரானார். 1870 இல் தொடங்கிய ஜோன் கீல்ஸ், கென் பாலேந்திராவை 1990 இல் முதலாவது இலங்கைத் தலைவராக ஏற்றது. பத்தாண்டு தலைமை வகித்துவிட்டு அவர் ஒதுங்கினார். அடுத்து வந்த இருவரும் அந்நிறுவனத்துக்குள்ளேயே படிப்படியாக வளர்ந்தவர்கள். கென் பாலேந்திராவின் மகன் கிரிஷான் பாலேந்திரா 2019 இல் தலைவரானபோது, அவரும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை செய்திருந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் இரண்டு தலைவர்களும் பதினெட்டு ஆண்டுகளும் இருந்ததை, குடும்ப நிறுவனம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்த எடுத்துக்காட்டு ஹற்றன் நஷனல் வங்கியின் ‘கமி புபுதுவ’ என்ற கிராமக் கடன் திட்டம். 1989 இல் நாடு கிளர்ச்சியிலும் இளைஞரின் வேலையின்மையிலும் எரிந்துகொண்டிருந்தபோது அவ்வங்கி இளம் அலுவலர்களைக் கிளையின் மேசையிலிருந்து எழுப்பிக் கிராமத்துக்கு அனுப்பியது. ஈடு வைக்க ஒன்றுமில்லாதவனின் தொழிலையும் நடத்தையையும் நேரில் பார்த்து, கடன் கொடுக்கலாமா என்று அவர்களே சொல்ல வேண்டும். தொகை சிறியது, அதனால் தவறினாலும் வங்கி கவிழாது. ஆனால் அந்த இளைஞனுக்கு அது முழுப் பொறுப்பு. வங்கிக்கு ஒரு புதிய வியாபாரமும், மனிதரைக் கணிக்கத் தெரிந்த அலுவலர் பரம்பரை ஒன்றும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. செட்டியார் தெருவின் மேலாள் செய்த அதே வேலை, இம்முறை சமூக வேலி இல்லாமல்.

ஆடைத் தொழிற்சாலைகளில் இன்னொரு சோதனை நடந்தது. மகேஷ், அஜய், ஷராத் அமலீன் சகோதரர்கள் 1987 இல் தொடங்கிய மாஸ் நிறுவனம், தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்ற நிலையில், 2003 இல் பெண்களுக்கான ‘விமன் கோ பியோண்ட்’ திட்டத்தை ஆரம்பித்தது. தையல் இயந்திரத்தில் இருக்கும் பெண்ணை மேற்பார்வையாளராகவும் அதற்கு மேலும் உயர்த்துவது அதன் ஒரு நோக்கம். டொயோட்டா முறையைத் தழுவி, வரிசையில் நிற்பவரே குறையைக் கண்டு திருத்தும் பழக்கத்தையும் அந்நிறுவனம் கொண்டுவந்தது. போருக்குப் பின் கிளிநொச்சியில் அது திறந்த தொழிற்சாலைகளுக்கு விடியல், வானவில் என்று தமிழிலேயே பெயர். வன்னியில் தைக்கத் தொடங்கிய பெண்களில் எத்தனை பேர் இருபது வருடத்தில் ஒரு தொழிற்சாலையை முழுதாக நடத்துவார்கள் என்பதைக் கொண்டே அம்முயற்சியை நான் மதிப்பிடுவேன். ஆடைத் துறை முழுவதிலும் மேற்பார்வையாளர் படியோடு பல பெண்களின் ஏணி நின்றுவிடுகிறது. திருமணம், பிள்ளை, இரவுப் பயணம் என்று ஒவ்வொன்றும் தடையாகிறது. அதற்குத் தீர்வு காணாத எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள ஆக்கபூர்வத் தலைமைத்துவ மையத்தில் மக்கால், லொம்பார்டோ, மொரிசன் மூவரும் நிறைவேற்று அலுவலர்களைச் சந்தித்து, உங்களை உருவாக்கிய நிகழ்வுகள் எவை என்று கேட்டு 1988 இல் எழுதிய நூல் இன்றும் மேற்கோளாக நிற்கிறது. கடினமான பொறுப்பு, நல்ல மேலதிகாரி, மோசமான மேலதிகாரி, பட்ட தோல்வி என்று நீள்கிறது அவர்கள் சொன்ன பட்டியல். வகுப்பறைக்கு அதில் கிடைத்த இடம் சிறியது. ஏமி எட்மன்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார்: நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடந்ததால் அப்படி ஆகவில்லை. தவறைச் சொல்ல அங்கே யாரும் பயப்படவில்லை. 1999 இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, பயமின்றிப் பேசக்கூடிய சூழல் என்பது முகாமைத்துவப் பாடத்தில் நிலைத்த இடம் பெற்றது.

நம் அலுவலகங்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மிகவும் பொருந்தும். மூத்தவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். அந்த மரியாதையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் கூட்டத்தில் ‘சேர், இந்த எண்ணிக்கை பிழை’ என்று சொல்ல ஒரு இளம் கணக்காளருக்கு வாய் வர வேண்டும். அது தானாக வராது. மேலே இருப்பவர், ‘நான் எதைத் தவறவிட்டேன், தம்பி?’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், சொன்னபின் கோபிக்காமல் இருக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதைச் செய்து காட்ட வேண்டும்.

பொறுப்பைக் கீழுள்ளவரிடம் கொடுப்பது பற்றிப் பேசும்போது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தள்ளிவிட முடியாது. 1976 இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசுவாமி தொடங்கியது. கிராமத்துப் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பழக்கி, பரிசோதனை முதல் அறுவைக்குத் தயார் செய்வது வரை பெரும்பகுதி வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள். மருத்துவர் தனக்கு மட்டுமே உரிய வேலையில் முழுக் கவனம் செலுத்த முடிந்தது. பெரும் எண்ணிக்கையில் இலவச சிகிச்சை சாத்தியமானது. 1992 இல் தொடங்கிய லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தில் மற்ற மருத்துவமனைகளுக்கும் தம் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2006 இல் நிறுவியவர் மறைந்தார். மருத்துவமனை நிற்காமல் வளர்ந்தது. குடும்பத்தினர் பலர் அங்கே பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அனைவரும் அந்த அறுவை அரங்கிலும் அந்த முகாம்களிலும் பழகி வந்தவர்கள்.

கொழும்புத் தமிழருக்கு இதில் தனியான தடைகள் உண்டு. 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் அரச சேவையின் ஏணி எட்டாமல் போனது. திறமையுள்ளவர்கள் கணக்கியல், மருத்துவம், பொறியியல் என்று ஒருவர் தனித்தே நிற்கக்கூடிய தொழில்களுக்குப் போனார்கள். பலரை வழிநடத்தும் பழக்கம் அதற்கேற்பக் குறைந்தது. 1983 ஜூலையில் ஞானம் குழுமத்தினதும் மகாராஜா நிறுவனத்தினதும் தொழிற்சாலைகள் எரிக்கப்பட்டன, காலி வீதிக் கடைகளும் எரிந்தன. 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து தமிழர்கள் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. நாளை இங்கே இருப்போமா என்று தெரியாதவன் இருபது வருடத் திட்டம் போடமாட்டான். இரத்த உறவைத் தவிர யாரையும் நம்பாமல் முதலாளிகள் காசுப்பெட்டியின் அருகிலேயே உட்கார்ந்திருந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

மொழி இன்றைய தடை. பெரிய நிறுவனங்களின் கூட்டங்கள் ஆங்கிலத்தில், கீழ்த்தளத்துப் பேச்சு சிங்களத்தில். யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ தமிழில் படித்து வந்த ஒரு பொறியியலாளர் வேலையில் எல்லோரையும் விடக் கெட்டிக்காரராக இருக்கலாம், கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார். அவருக்குத் தலைமைப் பண்பு போதாது என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். இது அநியாயம். இரண்டு மாதம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும், ஒரு கூட்டத்தை அவரே நடத்தும் வாய்ப்பும் கொடுத்துவிட்டு எழுத வேண்டிய வரி அது.

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கமும் உள்ள துணிக் கடைகள், நகைக் கடைகள், பலசரக்குக் கடைகள், சைவ உணவகங்கள் பலவற்றில் முதலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ. கொட்டாஞ்சேனையிலும் இதே நிலைதான். கடையில் பதினெட்டு வயதில் சேர்ந்து, இன்று நாற்பது வயதான ஊழியர் ஒருவர் இருப்பார். எந்தச் சரக்கு எந்த மாதம் போகும், எந்த மொத்த வியாபாரி தவணை தருவார், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் எழுதலாம் என்பதெல்லாம் அவருக்கு முதலாளியை விட நன்றாகத் தெரியும். ஆனால் காசோலையில் கையெழுத்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை, இலாபத்தில் பங்கும் இல்லை. முதலாளி கடையை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போகும் நாளில் அவரும் தெருவுக்கு வருவார், இருபது வருட அறிவும் அவரோடு போய்விடும். செட்டியார் தெருவில் நூறு வருடத்துக்கு முன்பே மேலாளுக்கு இலாபப் பங்கு இருந்தது. அந்த வழக்கத்தை இன்றைய சட்டப்படி, பங்காளி உடன்படிக்கையாகவோ கம்பனிப் பங்காகவோ எழுத எந்தத் தடையும் இல்லை.

கடைசியாகச் சங்கங்கள். விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கியதன் உற்சாகத்தில் 1902 இல் பிறந்த விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 1930களில் சைவ மங்கையர் கழகத்துப் பெண்கள் தாமே கூடி வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையை எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் சபை கூடி, நிதி திரட்டி, காணியும் கட்டடமும் பார்த்தார்கள் என்பது எவ்வளவு பெரிய காரியம். போரையும் கலவரத்தையும் கடந்து இவை நிற்பதற்கு, பொறுப்பு பல முறை நல்லபடி கைமாறியதே காரணம். நீலன் திருச்செல்வம் 1982 இல் உருவாக்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் இன்னொரு சான்று. 1999 ஜூலை 29 ஆம் திகதி அவர் கொல்லப்பட்டார். நிலையம் மூடப்படவில்லை. ராதிகா குமாரசுவாமி போன்றவர்கள் தொடக்கத்திலிருந்தே அங்கே பொறுப்போடு இயங்கினார்கள். 1994 இலேயே ராதிகா ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராகியிருந்தார். தன்னைச் சுற்றித் தனக்கு நிகரானவர்களை வைத்துக்கொள்ளத் தயங்காத ஒருவர் விட்டுப்போன நிலையம் அது.

இன்று நகரத்தின் பல சங்கங்களிலும் ஆலய நிர்வாக சபைகளிலும் பழைய மாணவர் அமைப்புகளிலும் பத்து, பதினைந்து வருடமாக அதே பெயர்கள். இளைஞர்கள் வருவதில்லை என்ற கவலையை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம். வந்த இளைஞருக்கு என்ன கொடுக்கிறோம்? கதிரை அடுக்குவது, ஒலிபெருக்கி பார்ப்பது, வரவேற்புரை. இதே இளைஞர்கள் பாடசாலையில் தமிழ் மன்றத்தையும் இந்து மாணவர் மன்றத்தையும் நடத்தியவர்கள். பதினேழு வயதில் மண்டபம் பதிவு செய்து, காலி வீதிக் கடை கடையாக ஏறி மலருக்கு விளம்பரம் சேர்த்து, அச்சகத்தோடு பேரம் பேசி, அதிபரிடம் கணக்குக் காட்டியவர்கள். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் ஆண்டுதோறும் நடக்கும் அந்த விழாக்களைவிட நல்ல தலைமைத்துவப் பயிற்சி கொழும்பில் எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பாடசாலையில் இலட்சக்கணக்கான ரூபாயை நம்பிக் கொடுத்த சமூகம், பத்து வருடம் கழித்து, பட்டமும் தொழிலும் பெற்றபின், அதே ஆளிடம் ஒலிபெருக்கியை மட்டும் கொடுக்கிறது. அவர் இரண்டு கூட்டத்தோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை.

யாப்பில் மூன்று திருத்தங்கள் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடியது இரண்டு தவணை. நிர்வாக சபையில் மூன்றில் ஒரு பங்கு முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு; அதில் பாதி பெண்களுக்கு. உப பொருளாளர் முப்பது வயதுக்குட்பட்டவராக, வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமையோடு. பதவி விட்டவர்கள் காப்பாளர்களாக இருந்து, கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்லலாம். முதல் வருடத்தில் ஒரு விழாவுக்குச் செலவு கூடிவிடலாம், ஒரு அழைப்பிதழில் முக்கியமான ஒருவரின் பெயர் விடுபடலாம்; அதனால் சங்கம் கவிழ்ந்துவிடாது. பெரும்பாலான யாப்புகளில் இத்திருத்தங்களைக் கொண்டுவர வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் சம்மதமும் முன்கூட்டிய எழுத்து அறிவித்தலுமே தேவை. நிதியாண்டு மார்ச்சில் முடியும் சங்கங்களுக்கு, அந்த அறிவித்தலைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டிய காலம் ஒவ்வொரு ஆண்டும் புதுவருடத்தை ஒட்டித்தான் வருகிறது.